டென்ட் கொட்டகையில் கேட்ட கேள்வி



‘ரகசியமாய் இரண்டு குடும்பம் நடத்துகிற சினிமாவில் நாம் சிரிப்பது ஏமாற்றும் ஆணைப் பார்த்தா, ஏமாறும் பெண்ணைப் பார்த்தா?’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். பெண்ணைப் பார்த்துத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் எழுந்ததுமே வள்ளி தெய்வானையைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அய்யா, முருகன் ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தியை ஒளித்தா வைத்திருக்கிறான்? இரண்டு பக்கமும் நிறுத்திக்கொண்டுதானே வீதி உலா வருகிறான்!

எனக்குச் சொந்த ஊர் கலசப்பாக்கம். ஜவ்வாது மலையில் பிறந்து வருகிற செய்யாற்றங்கரை. எங்கள் பக்கம் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். அர்ச்சுனனுக்குப் பாஞ்சாலி, சுபத்திரை, அல்லி என்று வரிசை. கட்டியங்காரன் அதை வைத்துக் கேலி பண்ணுவான். ஆனால் அர்ச்சுனனுக்கு வேர்க்காதுங்க! மாட்டிக்கொண்டால் போவதற்கு அவனுக்கு ஒன்றுமில்லை.

வேர்வை எப்போது வந்தது? மதராஸ் மாகாணத்தில் 1949-இல் இந்துக்களுக்கு இருதார மணத் தடைச் சட்டம் வந்தது. 1955-இல் இந்து திருமணச் சட்டம். அதன்பிறகு இரண்டாம் கல்யாணம் செல்லாது. ஏழு ஆண்டு வரை சிறை. முதல் கல்யாணத்தை மறைத்துக் கட்டினால் பத்து ஆண்டு வரை! சட்டம் ஒரு கதவை வைத்தது. நம்ம சினிமா கதாநாயகன் அந்தக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

1987-இல் பாலுமகேந்திராவின் ‘ரெட்டை வால் குருவி’. மோகன், அர்ச்சனா, ராதிகா. 1984-இல் ஹாலிவுட்டில் வந்த ‘மிக்கி அண்டு மாட்’ படத்தின் சாயல். மனைவியும் கர்ப்பம், அந்தப் பெண்ணும் கர்ப்பம். அப்போது எனக்கு மீசை அரும்புகிற வயசு. டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தேன். ஆஸ்பத்திரிக் காட்சியில் மோகன் தவிக்கிற தவிப்புக்கு ஆண்கள் பக்கம் விசில் பறக்கிறது. நானும் அடித்தேன், மறைப்பானேன்! நடுவே தடுப்பு. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா சத்தமாய்க் கேட்டார்: “அது சரி, அந்த ரெண்டாவது புள்ளைக்கு யாருடி கணக்குச் சொல்றது?”

விசில் நிற்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என் காதைவிட்டுப் போகவும் இல்லை.

அந்தக் காட்சியில் கேமரா யார் பக்கம் நின்றது? அவன் பக்கம். அவன் மாட்டிக்கொள்வானோ என்றுதான் நமக்குப் பதைப்பு. பெண் உள்ளே வந்தால் ‘அய்யய்யோ, வந்துட்டாளே!’ என்கிறோம். நியாயம் கேட்க வருகிறவள் நமக்கு இடைஞ்சல்! 1994-இல் ‘வீரா’ வந்தது, 1992-இன் தெலுங்கு ‘அல்லரி மொகுடு’வின் மறு ஆக்கம். ரஜினி சமாளிக்கச் சமாளிக்கக் கைதட்டல்தான். அடுத்த ஆண்டே அதே பாலுமகேந்திரா ‘சதி லீலாவதி’யில் கல்பனாவின் பக்கம் வந்து நின்றார். அதை நான் மறுக்கவில்லை. அங்கே சிரிப்பு கணவன் மேல் திரும்பியது.

இதே கதையைப் பெண்கள் சொன்னால் எப்படியிருக்கும்? 1974-இல் பாலசந்தர் எடுத்தார், ‘நான் அவனில்லை’. அத்ரேயின் மராத்தி நாடகத்திலிருந்து வந்த கதை. ஏமாந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராய்ச் சாட்சிக் கூண்டில் ஏறுகிறார்கள். ஜெமினி கணேசன் ‘அவன் நான் இல்லை’ என்கிறார். சரக்கு ஒன்றுதானுங்க. கூண்டில் அவள் நின்று பேசினால் வழக்கு, நண்பனிடம் அவன் உளறினால் காமெடி!

நிஜக் கோர்ட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1965-இல் உச்ச நீதிமன்றம், இரண்டாம் கல்யாணம் முறைப்படி சடங்கோடு நடந்ததாய் நிரூபித்தால்தான் குற்றம் என்றது. சடங்கில் ஒன்று குறைந்தால் ஆள் தப்பிவிடுவான். அவனை நம்பி வந்தவளோ சட்டப்படி மனைவியே இல்லை.

எதிரணி நண்பர், ஏமாற்றுகிறவன் எப்படியெல்லாம் சமாளிக்கிறான் என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். கொட்டகையில் அந்த அம்மா கேட்டது பிள்ளையைப் பற்றி. செல்லாத கல்யாணத்தில் பிறந்தாலும் சட்டபூர்வமான பிள்ளைதான் என்பது 1976 திருத்தத்தில் உறுதியானது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்குச் சேர வேண்டிய பாகத்தில் அந்தப் பிள்ளைக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாய்ச் சொன்னது 2023 செப்டம்பரில். படம் வந்து முப்பத்தாறு வருஷம் கழித்து!