நாடாவில் நின்ற செய்தி

பழைய பத்திரிகையை நூலகத்தில் புரட்டிப் பார்த்துக் குற்றம் சொல்லலாம். அன்றைய டெலிவிஷன் செய்தி அப்படியல்ல. தோன்றிய கணமே மறைந்தது. விமர்சகனிடம் மிஞ்சியது ஞாபகம் மட்டுமே. ஞாபகத்தை மறுப்பது ஸ்தாபனங்களுக்குச் சுலபம்.

ஜான் எல்ட்ரிட்ஜ், கிரெக் ஃபைலோ, பிரையன் வின்ஸ்டன் முதலியோர் அடங்கிய கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழுவின் ஆய்வு இங்கேதான் முக்கியமாகிறது. பிரிட்டனின் சமூக விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்சில் தந்த பணத்தில், 1975 ஜனவரி முதல் ஜூன் வரை, பி.பி.சி.யின் இரண்டு சேனல்கள், ஐ.டி.வி. ஆகியவற்றின் செய்திகளை வீடியோ நாடாவில் பதிவுசெய்தார்கள்.

அதே மாதங்களில் அவர்கள் ஊரிலேயே குப்பை லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ச்சில் ராணுவம் வந்தது. திரையில் குப்பைமேடு, நோய் பயம், சிப்பாய்கள். தேசியச் செய்தியில் வேலைநிறுத்தக்காரர் ஒருவர்கூடத் தம் தரப்பைச் சொல்லவில்லை. யாரும் பொய் சொன்னதாக அர்த்தமில்லை. நிர்வாகம் எப்போதும் ‘தர முன்வருகிறது’, தொழிலாளி எப்போதும் ‘கோருகிறான்’. சார்பு இந்த வினைச்சொற்களில் இருந்தது.

ஆய்வு 1976இல் ‘பேட் நியூஸ்’ என்ற நூலாயிற்று. 1985இல் மார்ட்டின் ஹாரிசன், ஐ.டி.என். நிறுவனம் கொடுத்த செய்திப் பிரதிகளை வைத்து அதன் முடிவுகளை மறுத்தார். அவருடைய ஆட்சேபங்களைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பிரதியில் படம் இல்லை. அதைத் தந்ததும் விசாரிக்கப்படும் தரப்பு.

குழுவுக்கு அரசியல் சாய்வு உண்டு என்றார்கள். இருக்கட்டும். சாய்வில்லாமையை நான் சுதந்திரம் என்று கொள்ளவில்லை. விசாரிக்கப்படுபவரிடமே போய்ச் சாட்சியத்தை இரவல் கேட்காதிருப்பது சுதந்திரம். கிளாஸ்கோ நாடாக்கள் அதைச் செய்தன.