இல்லாத கார்டுக்கு ஒரு டிரைவர்

தமிழ்நாட்டில் லினக்ஸுக்கு 2007 நல்ல ஆண்டு. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்த தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. இந்திய அரசின் பாஸ் லினக்ஸின் முதல் பதிப்பும் அந்த ஆண்டுதான் வந்தது. உலக அளவில் வேறு இரண்டு காரியங்கள் நடந்தன. ஜனவரியில் இன்னோடெக் நிறுவனம் விர்ச்சுவல்பாக்ஸின் மூல நிரலைத் திறந்துவிட்டது. பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் கர்னல் 2.6.20-இல் கேவிஎம் என்ற மெய்நிகர் கணினி வசதி சேர்ந்தது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவது அதன்பின் காசு கொடுத்து வாங்கும் சரக்காக இருக்கவில்லை. விண்டோஸை அழிக்காமல் லினக்ஸ் கற்றுக்கொள்ள மாணவர்களுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் அப்படி ஓட்டிப் பார்த்தவர்கள் முதலில் கண்டது திரையின் குறையைத்தான். உள்ளே ஓடும் லினக்ஸ் கணக்குப் போட்டது, கோப்புகளைச் சேமித்தது, இணையத்தோடு பேசியது. படம் மட்டும் சிறிய சட்டத்துக்குள் அடைபட்டு, ஜன்னலை நகர்த்தினால் இழுத்து இழுத்து வந்தது. இந்தக் குறை தீர ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆயின. உண்மையான கார்டுகளைப் போல நடிப்பதைக் கைவிட்டு, உலகில் எங்குமே இல்லாத ஒரு கார்டை எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அது தீர்ந்தது என்பதே என் வாதம்.

முதலில் ஏன் நடித்தார்கள்? 2005, 2006 ஆண்டுகளில் இன்டெலும் ஏஎம்டியும் மெய்நிகர் கணினிகளுக்கு உதவும் வசதியைச் சிப்புக்குள்ளேயே வைத்தன. அதனால் ப்ராசஸர் பிரச்சினை தீர்ந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கு அப்படி எந்த உதவியும் வரவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை அதன் உள்ளமைப்பு மாறும். பல கார்டுகளின் விவரக்குறிப்புகள் நிறுவனங்களின் பூட்டிய அலமாரியில் இருந்தன. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-இல் வெளியிட்ட கியூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருள், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய கார்டைத் தேர்ந்தெடுத்து அதைப்போல நடந்துகொண்டது. 1990-களின் நடுவில் வந்த சிரஸ் லாஜிக் 5446 அது. விண்டோஸிலேயே அதற்கு டிரைவர் இருந்ததால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. அந்த நாளைக்கு அது புத்திசாலித்தனமான முடிவுதான். ஆனால் உள்ளே ஓடும் கெஸ்ட் கணினி கார்டுக்கு எழுதும் கட்டளைகளை, அதைத் தாங்கும் வெளிக் கணினியான ஹோஸ்ட் இடைமறித்து, அந்தச் சிப் என்ன செய்திருக்குமோ அதை மென்பொருளில் செய்துகாட்ட வேண்டும். அந்தச் சிப்புக்கு முப்பரிமாணம் தெரியாது, அகலத் திரை தெரியாது. நடிப்பு எவ்வளவு துல்லியமோ அவ்வளவு துல்லியமாக அதன் குறைகளும் வந்து சேர்ந்தன. கியூஎமு 2014 டிசம்பரில் 2.2 பதிப்போடு சிரஸை இயல்புநிலைக் கார்டு என்ற இடத்திலிருந்து இறக்கியது. அந்தப் பழைய நடிப்புக் கோடில், கெஸ்ட்டுக்குள் இருப்பவர் ஹோஸ்ட்டுக்குள் புகுந்துவிடக்கூடிய இரண்டு ஓட்டைகள் 2017-இல் வெளிப்பட்டன. யாரும் விற்காத ஒரு கார்டுக்காக உலகின் சர்வர்கள் ஆபத்தைச் சுமந்துகொண்டிருந்தன.

விஎம்வேர் நிறுவனம் வேறு வழியில் போயிருந்தது. எந்தக் கடையிலும் கிடைக்காத, மெய்நிகர் கணினிக்கென்றே கற்பனை செய்த எஸ்விஜிஏ என்ற கார்டை அது வைத்திருந்தது. கோவைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க மோனோபிளாக் பம்பு போதும்: எங்கிருந்தோ வந்த மோட்டாரையும் எங்கிருந்தோ வந்த பம்பையும் பெல்ட் போட்டு ஓட்டாமல், இரண்டையும் ஒரே தண்டில் பொருந்தும்படி முதலிலேயே வடிவமைப்பது. கெஸ்ட்டில் இருக்கும் டிரைவரும் ஹோஸ்ட்டில் இருக்கும் கார்டும் ஒன்றுக்கொன்று எழுதப்பட்டவை. நடுவில் நடிப்பு தேவையில்லை. ஆனால் எஸ்விஜிஏ நிலைத்தது அந்த வடிவமைப்பினால் மட்டுமல்ல. 2008 டிசம்பரில் விஎம்வேர், லினக்ஸின் கிராபிக்ஸ் அடுக்கை எழுதிவந்த டங்ஸ்டன் கிராபிக்ஸ் நிறுவனத்தை வாங்கியது. அடுத்த ஆண்டே அந்த அடுக்கான மேசா தொகுப்பில் எஸ்விஜிஏ டிரைவர் வந்தது. கர்னலுக்கான விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ் டிரைவர் 2010 தொடக்கத்தில் வெளியான 2.6.33-இல் சோதனைப் பகுதிக்குள் நுழைந்தது. கார்டோடு பேசும் முறையும் பொதுவில் வைக்கப்பட்டது. விளைவை விஎம்வேரே எதிர்பார்த்திருக்குமா என்பது சந்தேகம்: 2018 டிசம்பரில் போட்டிப் பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் தன் 6.0 பதிப்பில் அதே கார்டை ஏற்றுக்கொண்டது, மறு ஆண்டு 6.1-இல் தன்னுடைய பழைய முப்பரிமாண ஏற்பாட்டைத் தூக்கியெறிந்தது. எதிராளியின் கார்டை எடுத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் இல்லை என்று ஒரு நிறுவனம் நினைத்ததற்குக் காரணம், அந்தக் கார்டுக்கான டிரைவர் ஏற்கெனவே எல்லா லினக்ஸிலும் இருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

விர்ச்சுவல்பாக்ஸ் அதுவரை பட்ட பாட்டை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம் ஊர் மாணவர்கள் அதிகம் தொட்டது அதைத்தான். அதன் டிரைவர்கள் கர்னலுக்கு வெளியே, கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற தனி வட்டில் வந்தன. லினக்ஸை நிறுவி, கம்பைலரை நிறுவி, கர்னல் ஹெடர்களை நிறுவி, அதன்பின் டிரைவரைக் கம்பைல் செய்ய வேண்டும். கர்னல் புதுப்பிக்கப்பட்டால் திரும்பவும் அதே வேலை. கர்னலின் உள் அமைப்பு மாறியிருந்தால் கம்பைல் ஆகவே ஆகாது. லினக்ஸ் என்றால் திரை சரியாக வராது என்ற பெயர் பரவியதில் இந்த வட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. குற்றம் லினக்ஸுடையது அல்ல, விர்ச்சுவல்பாக்ஸின் வேகத்துடையதும் அல்ல. டிரைவர் வைக்கப்பட்டிருந்த இடத்துடையது. ஹான்ஸ் டி கோய்டே அந்த டிரைவரைச் சீர்செய்து 2017-இல் கர்னல் 4.13-இன் சோதனைப் பகுதியில் சேர்த்த பிறகு, நிறுவிய நிமிடத்திலேயே திரை ஜன்னலின் அளவுக்கு விரிந்தது. வேகம் பெரிதாகக் கூடவில்லை, பராமரிப்பு ஓர் இடத்துக்கு வந்தது. அதுதான் பெரிய மாற்றம் என்பேன்.

கற்பனைக் கார்டு என்றாலே வெற்றி என்று சொன்னால், கியூஎக்ஸ்எல் குறுக்கே நிற்கும். கேவிஎம்மை உருவாக்கிய இஸ்ரேலின் கும்ரானெட் நிறுவனத்தை ரெட்ஹாட் 2008 செப்டம்பரில் 10.7 கோடி டாலருக்கு வாங்கியது. அதோடு வந்த ஸ்பைஸ் என்ற தொலைத்திரை முறையையும் அதன் கியூஎக்ஸ்எல் கார்டையும் 2009 டிசம்பரில் திறந்துவிட்டது. கோடு போடு, கட்டம் நிரப்பு, எழுத்தை ஒட்டு என்று இருபரிமாணக் கட்டளைகளை அனுப்பும் கார்டு அது. அது வருவதற்குள் மென்பொருள்கள் படத்தைத் தாங்களே வரைந்து முழுப் படமாகக் கொடுக்கும் பழக்கத்துக்கு மாறிவிட்டன. கோடு போடு என்று கேட்பாரே இல்லை. ரெட்ஹாட்டே தன் 9-ஆம் பதிப்பில் ஸ்பைஸைக் கைவிட்டது. கற்பனைக் கார்டு எந்த அடுக்கில் நிற்கிறது என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சரியான அடுக்கு வேறு பக்கத்திலிருந்து வந்தது. ரஸ்டி ரஸ்ஸல் தொடங்கி 2008 ஜனவரியின் 2.6.24 கர்னலில் வந்த விர்ட்ஐஓ, மெய்நிகர் கணினிகளின் வட்டுக்கும் வலைக்கும் பொது மொழி கொடுத்திருந்தது. ரெட்ஹாட்டின் கெர்ட் ஹாஃப்மனும் டேவ் ஏர்லியும் விர்ட்ஐஓ-ஜிபியு என்ற கார்டாகத் திரையையும் அந்த மொழிக்குள் கொண்டுவந்தார்கள். ஏர்லி 2013-இல் அறிவித்த விர்ஜில், கெஸ்ட்டின் ஓபன்ஜிஎல் முப்பரிமாண வேலையை மேசாவின் கேலியம் அடுக்கில் பிடித்து, எந்தக் கார்டுக்கும் சொந்தமில்லாத இடைநிலைக் கட்டளைகளாக ஹோஸ்ட்டுக்கு அனுப்புகிறது; ஹோஸ்ட் அதைத் தன் சொந்த ஓபன்ஜிஎல்லாக மாற்றித் தன் கார்டிடம் கொடுக்கிறது. கெஸ்ட்டுக்கு அடியில் இருப்பது இன்டெலா ஏஎம்டியா என்று தெரியவே வேண்டாம். விர்ட்ஐஓ-ஜிபியு 2015-இல் கர்னல் 4.2-இல் சேர்ந்தது, முப்பரிமாணம் அடுத்த ஜனவரியில் 4.4-இல். 2019-இல் விர்ட்ஐஓ 1.1 தரநிலையிலேயே இடம்பிடித்தது. 2021-இல் வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் முறைக்கான வீனஸ் டிரைவர் மேசாவில் வந்தபோது கார்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை, அதன் மேல் ஓடும் கட்டளைகளை மட்டுமே சேர்க்க வேண்டியிருந்தது.

இவ்வளவு மொழிபெயர்ப்பு எதற்கு, உண்மையான கார்டையே கெஸ்ட்டிடம் கொடுத்துவிடலாமே என்பது வலுவான ஆட்சேபம். 2012-இல் கர்னல் 3.6-இல் வந்த விஎஃப்ஐஓ அதைத்தான் செய்கிறது, வேகமும் ஏறக்குறைய முழுமையாகக் கிடைக்கிறது. ஆனால் கார்டு ஒரு கெஸ்ட்டுக்குப் போனால் மற்றவர்களுக்கு இல்லை. ஒரே ஒரு கிராபிக்ஸ் சிப் உள்ள மடிக்கணினியில், அதாவது 2011 முதல் அரசு கொடுத்த மடிக்கணினி போன்றவற்றில், அது ஹோஸ்ட்டின் திரையையே அணைத்துவிடும். கார்டைப் பங்கு போடும் வழியும் உண்டு: நிவிடியாவின் கீர்த்தி வான்கேடே, நியோ ஜியா எழுதிய எம்டெவ் அமைப்பும், இன்டெலின் ஜிவிடி-ஜியும் 2017-இல் கர்னல் 4.10-இல் சேர்ந்தன. நிவிடியாவின் பங்கீட்டுக்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். ஜிவிடி-ஜி இலவசம், மூலநிரலும் திறந்தது. ஆனாலும் இன்டெலின் 10-ஆம் தலைமுறையோடு அதன் காலம் முடிந்தது, ஏனெனில் அது பேசியது ஒரு நிறுவனத்தின் சிப்போடு மட்டும். திறந்த நிரலும் ஒருவர் சரக்கை நம்பினால் அந்தச் சரக்கின் ஆயுள்தான் அதற்கும்.

கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து பம்புப் பட்டறைகள் இருக்கும் கணபதிக்கோ பீளமேட்டுக்கோ போய்க் கேட்டால் வரக்கூடிய ஆட்சேபம் இன்னும் கடினம். பம்பும் மோட்டாரும் வரையும் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில்தான் ஓடும். லினக்ஸ் கணினிக்குள் விண்டோஸை வைத்து அதை ஓட்ட நினைப்பவருக்கு இந்த வரலாறு என்ன தந்தது? நேர்மையான பதில், குறைவாகவே தந்தது. லினக்ஸ் கெஸ்ட்டுக்கு முப்பரிமாணம் வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும், விர்ட்ஐஓ-ஜிபியுவுக்கான அதிகாரபூர்வ விண்டோஸ் டிரைவர் படத்தைக் காட்டுவதோடு நின்றது. இதைப் பொதுக் கார்டின் தோல்வி என்று படிக்க நான் தயாரில்லை. லினக்ஸ் பக்கம் மேசா என்ற பாதிக் கட்டடம் ஏற்கெனவே நின்றது, மேலே ஒரு மாடி எழுப்பினார்கள். விண்டோஸில் கர்னல் பகுதியையும் டைரக்ட்3டி பகுதியையும் அடியிலிருந்து எழுத வேண்டும். எழுதினாலும் விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு முதல், புதிய கர்னல் டிரைவர் எதற்கும் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் வேண்டும், அதைக் கேட்பதற்கே நிறுவனத்தின் பெயரில் விலைகொடுத்து வாங்கிய சான்றிதழ் வேண்டும். ஓய்வு நேரத்தில் எழுதும் ஒருவர் அந்தச் சான்றிதழை வாங்க மாட்டார், சம்பளம் கொடுத்து எழுதவைத்த நிறுவனங்களின் வாடிக்கையாளர்களோ சர்வர்களில் லினக்ஸ் ஓட்டுபவர்கள். கேட் (CAD) மென்பொருளில் வரையும் பட்டறைக்காரர் அவர்கள் கணக்கில் இதுவரை இல்லை.