சிறுபடமும் சேலத்துப் படச்சாலையும்



திரைப்படத் துறையில் புக விரும்பும் இளைஞன் இன்று முதலில் செய்வது யாது? பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ ஓடும் குறும்படம் ஒன்றை எடுக்கிறான். அதைப் பலரும் காணும்படி செய்கிறான். பட முதலாளி ஒருவர் கண்ணில் அது பட்டுவிடாதா என்று காத்திருக்கிறான். சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரி மாணவர் சிலர், இது இக்காலத்துப் புது வழக்கந்தானே என்று என்னைக் கேட்டதுண்டு. இல்லை, நம் நாட்டுத் திரைப்பட வரலாறே அப்படித்தான் தொடங்கிற்று.

தாதாசாகேப் பால்கே 1912-ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து ஒளிப்படக் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு பம்பாய் திரும்பினார். கருவி இருந்தது; முழுநீளப் படம் எடுக்கப் பணம் இல்லை. கதைப்படம் என்றால் என்ன என்று பணமுடையவர்களுக்கு வாயால் சொல்லி விளக்குவதும் எளிதாக இல்லை. ஆகவே அவர் ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். அது முளைத்துச் செடியாகிக் கொடி வீசுவதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். ஒரு மாத வளர்ச்சி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் திரையில் ஓடியது. அதைப் பார்த்த பின்னரே கடன் கொடுப்போர் முன்வந்தனர். 1913 மே 3 அன்று பம்பாயில் 'ராஜா ஹரிச்சந்திரா' பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. இந்தச் செடிப் படத்தில் கதையில்லை, நடிகரில்லை. எடுத்தவருடைய பொறுமையும் கைத்திறனும் மட்டும் அதில் தெரிந்தன. பணம் தருபவர் அறிய விரும்பியதும் அதுவே.

தமிழிலும் சிறுபடத்துக்கு மூத்த இடம் உண்டு. 1931 அக்டோபரில் வெளியான 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும் படம் என்று நாம் படிக்கிறோம். அதனோடு சேர்த்துச் சில சிறுபடங்களும் காட்டப்பட்டன. டி.பி. ராஜலட்சுமியின் குறத்திப் பாட்டும் நடனமும் அவற்றுள் இடம்பெற்றன. நாடக மேடையிலிருந்து வந்த அந்த அம்மையார் கதாநாயகியாக உயர்ந்தார். 1936-இல் 'மிஸ் கமலா'வைத் தாமே இயக்கவும் செய்தார். தமிழ்ப் படத்தை இயக்கிய முதற் பெண்மணி அவரே.

இனி நம் சேலத்துக்கு வருவோம். இங்கே கதை வேறு வழியில் செல்கிறது.

திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் 1907-இல் பிறந்தவர். திருச்செங்கோடு அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது; 1997-இல்தான் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. துணி வணிகக் குடும்பத்தில் பிறந்த அவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குச் சென்று நெசவுத் தொழில்நுட்பம் பயின்று வந்தார். அக்காலத்தில் தமிழ்ப் படம் எடுப்பதென்றால் நடிகர், பாடகர், பக்கவாத்தியக்காரர் அனைவரையும் இரயிலேற்றிக் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ அழைத்துச் செல்லவேண்டும். சுந்தரமும் தொடக்கத்தில் அப்படித்தான் கல்கத்தாவில் படமெடுத்தார். செலவும் அலைச்சலும் அவருக்கு உடன்பாடாக இல்லை. சேலத்தில் ஏற்காடு செல்லும் சாலையோரம் மாடர்ன் தியேட்டர்ஸ் படச்சாலையை நிறுவினார். 1937-இல் அங்கிருந்து 'சதி அகல்யா' வந்தது. அடுத்த ஆண்டு வந்த 'பாலன்' மலையாளத்தின் முதல் பேசும் படம். 1940-இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடமிட்ட 'உத்தம புத்திரன்'. 1956-இல் வண்ணத்தில் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அந்த ஒரு வளாகத்திலிருந்து புறப்பட்டன.

சுந்தரம் நெசவு படித்தவர் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. ஆலை நடத்துவது போலவே அவர் படச்சாலையை நடத்தினார். நேரம் என்றால் நேரம். எவ்வளவு பெரிய நடிகரானாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, காட்சியமைப்பு ஆகிய துறைகள் ஒரே மதிலுக்குள் இருந்தன. வேலை செய்வோர் மாதச் சம்பளம் பெற்றனர். இத்தகைய இடத்தில் நுழைய இளைஞனுக்குச் சிறுபடம் எதற்கு? வாயிற்காவலரைக் கடந்து உள்ளே போய்விட்டால், விளக்குத் தூக்கியோ வசனப் படி எடுத்தோ அவன் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். கற்கும்போது அவன் வீணாக்கிய படச்சுருளின் விலை முதலாளியின் கணக்கில் எழுதப்பட்டது. இதுதான் அந்தப் படச்சாலை நமக்குச் செய்த பேருதவி என்று நான் கருதுகிறேன். அங்கு எடுத்த படங்களைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன் என்றால் சிலர் வியக்கக்கூடும்.

மு. கருணாநிதி அங்கே 'மந்திரிகுமாரி'க்கு வசனம் எழுதினார். மாடர்ன் தியேட்டர்ஸ் 'சண்டமாருதம்' என்ற பத்திரிகையையும் நடத்தியது. கண்ணதாசன் அதில் பணிபுரிந்தார். படத்தை எடுப்பதோடு வேலை முடியாது, அதைப் பற்றிப் பேசவும் ஆள் வேண்டும் என்பதைச் சுந்தரம் உணர்ந்திருந்தார் என்பதற்கு அந்தப் பத்திரிகையே சான்று. 1950-இல் வெளியான 'மந்திரிகுமாரி'யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனோ அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றவர். 1935-இல் இந்தியாவுக்கு வந்தவர். உலகப் போர்க்காலத்தில் சென்னை அரசுக்காகச் செய்திப்படங்கள் எடுத்தவர். கல்லூரியில் படித்து வந்தவரும் மேடையிலும் ஏட்டிலும் வளர்ந்தவரும் ஏற்காட்டு மலையடிவாரத்தில் ஒன்றாக வேலை செய்தனர்.

அந்நாளில் தனி மனிதர் சிறுபடம் எடுத்தாலும் அதைக் காட்ட இடமில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். போர்க்காலத்தில், 1943 முதல், அரசு ஏற்ற சிறுபடங்களைத் திரையரங்குகள் காட்டியே தீரவேண்டுமென்று விதி வந்தது. விடுதலைக்குப் பின் 1948-இல் பிலிம்ஸ் டிவிஷன் என்னும் மத்திய அரசு நிறுவனம் எழுந்தது. பல்லாண்டுகள் வரை நம் ஊர்க் கொட்டகைகளில் முழுநீளப் படத்துக்கு முன் ஓடியது அதன் செய்திப்படமே. செலவும் ஒரு தடை. முப்பத்தைந்து மில்லிமீட்டர் சுருளில் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். பத்து நிமிடப் படத்துக்கு 900 அடி என்றாலும், ஒரே காட்சியை மூன்று முறை எடுத்தால் அது 2,700 அடியாகிவிடும். அப்புறம் கழுவுகூலி, படிக்கூலி. நெசவாளி வீட்டுப் பிள்ளை இதை நினைத்தும் பார்க்க முடியாது.

சுந்தரம் 1963-இல் காலமானார். அதன் பின்னும் சில ஆண்டுகள் படங்கள் வந்தன. 1966-இல் வந்த 'வல்லவன் ஒருவன்' பலருக்கு நினைவிருக்கும். ஆனால் நாளடைவில் தமிழ்த் திரையுலகம் முழுதும் சென்னையில் குவிந்தது. சேலத்துப் படச்சாலை ஓய்ந்தது. இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. உள்ளே போனால் தொழில் கற்கலாம் என்றிருந்த வாயில் அது.

அந்த வாயில் மூடிய காலத்தில் சேலத்து இளைஞர் என்ன செய்தார்? ஒருவரை எடுத்துக்கொள்வோம். சேலம் மாவட்டத்தில் பிறந்த சி. ருத்ரையா சென்னை அடையாறு திரைப்படக் கல்லூரிக்குச் சென்றார். மாணவர் தம் கையால் சிறுபடம் எடுத்துப் பழகும் இடம் அது. ஆசிரியர் முன் தவறலாம், திருத்திக்கொள்ளலாம். கல்லூரியில் உருவான நண்பர்களைத் துணையாகக் கொண்டு 1978-இல் 'அவள் அப்படித்தான்' படத்தை இயக்கினார். அதன் நாயகர்களுள் ஒருவன் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவன்; கருவியும் கையுமாகப் பெண்களிடம் சென்று கேள்வி கேட்கிறான். தமிழ்ப் பெரும்படம் ஒன்றின் நடுவே, சிறுபடம் எடுப்பவன் இப்படி ஒரு பாத்திரமாக வந்து நின்றான். கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீபிரியா ஆகிய மூவரும் நடித்தும் வெளியான காலத்தில் படத்துக்குக் கூட்டம் சேரவில்லை. பின்னாளில்தான் அது போற்றப்பட்டது. ருத்ரையா 1980-இல் 'கிராமத்து அத்தியாயம்' என்ற இன்னொரு படத்தை இயக்கினார். 2014-இல் மறையும் வரை மூன்றாவது படம் வெளிவரவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது.

சுருளே வேண்டாத கருவிகள் வந்தபின் நிலை மாறிற்று. 2009 வாக்கில் கலைஞர் தொலைக்காட்சி 'நாளைய இயக்குநர்' என்னும் குறும்படப் போட்டியைத் தொடங்கியது. அதில் பங்குகொண்ட கார்த்திக் சுப்புராஜ் 2012-இல் 'பீட்சா'வையும், நலன் குமாரசாமி 2013-இல் 'சூது கவ்வும்' படத்தையும் இயக்கினர். பாலாஜி மோகன் தம் 'காதலில் சொதப்புவது எப்படி' என்ற குறும்படத்தை இணையத்தில் பரவவிட்டார். 2012-இல் அதுவே அதே பெயரில், சித்தார்த் நடிக்க, முழுநீளப் படமாயிற்று. பட்டாணிச் செடியைக் காட்டிக் கடன் பெற்ற பால்கே செய்ததும் இதுதானே!

ஆயினும் ஒரு வேறுபாட்டை மாணவர் கவனிக்கவேண்டும். அன்று கற்பதற்கான செலவு முதலாளி கணக்கில் இருந்தது. இன்று அது கற்பவன் தலையில் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி வைத்திருப்பவர் மகனும், கோழிப்பண்ணை வைத்திருப்பவர் மகனும், விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுபவர் மகளும் நம் சமவெளியில் ஒரே கல்லூரியில்தான் படிக்கிறார்கள். கருவி மலிந்துவிட்டது உண்மை. வேலைக்குப் போகாமல் மூன்று மாதம் அலைவது மலியவில்லை. பெண்ணாயிருந்தால் இரவுப் படப்பிடிப்புக்கு வீட்டார் இசைவது வேறு வழக்கு. ஆகவே எல்லாருக்கும் கதவு திறந்துவிட்டது என்று சொல்வோரை நான் முழுதும் நம்புவதில்லை.

எடுத்த படத்தைப் பரப்புவதிலும் நம் இளைஞர் அளவுக்கு மீறிப் பாடுபடுகிறார்கள். சுவரொட்டி அச்சிடுகிறார்கள், வெளியீட்டு விழா நடத்தித் தலைவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். அந்தப் பணத்தில் ஒலியைச் செம்மையாகப் பதிவு செய்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். இலட்சம் பேர் பார்த்தால் மகிழ்ச்சிதான். ஆனால் வேலை தரக்கூடிய ஒருவர் இறுதிவரை பார்த்தாரா என்பதே கேள்வி. படவிழாக்களுக்கு அனுப்புவோர் ஆங்கிலத்தில் பிழையற்ற துணையுரை சேர்ப்பது, நடித்தவரிடமும் இசை தந்தவரிடமும் எழுத்தில் இசைவு பெறுவது, திரையரங்கில் காட்டுவதாயின் தணிக்கைச் சான்று வாங்குவது ஆகிய சலிப்பூட்டும் வேலைகளை முதலில் முடிக்கவேண்டும். நல்ல படங்கள் சில இவை இல்லாமையால் பெட்டியிலேயே கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கார்த்திக் சுப்புராஜின் குறும்படங்களில் நடித்த விஜய் சேதுபதிதான் 'பீட்சா'வின் நாயகர். நலன் குமாரசாமியும் தம் முதற் படத்துக்கு அவரையே நாயகராக்கினார். ஒளிப்பதிவாளர், தொகுப்பாளர், நடிகர் என ஒருவரை ஒருவர் அறிந்த சிறு குழு ஒன்று குறும்படத்தின்போதே சேர்ந்துவிடுகிறது. ஏற்காடு சாலை மதிலுக்குள் சுந்தரம் சம்பளம் கொடுத்துச் சேர்த்து வைத்த கூட்டத்தை, இன்று இளைஞர் தேநீர்க் கடையில் கூலியின்றிச் சேர்க்கிறார்கள்.