ஒரு கொத்து அரிசியும் இரண்டு வல்லரசுகளும்



‘பனிப்போர்’ என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு நினைவில் வந்தது மார்கழிப் பனிதான். விடியற்காலையில் உடுவில் தோட்டங்களிலே புகையிலைக் கன்றுகளின் மேல் படிந்திருக்கும் அந்தப் பனிக்கும் போருக்கும் என்ன தொடர்பு என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் படைகொண்டு நேரே மோதாமல், ஆனால் ஒருபோதும் பகை மறவாமல் நின்ற காலத்துக்கு ஆங்கிலத்தில் இட்ட பெயரை அப்படியே தமிழாக்கியதால் வந்த சொல் அது. நம்மவர்கள் அதனைக் ‘கெடுபிடிப் போர்’ என்றும் எழுதினார்கள். எனக்கு இந்தச் சொல்லே பொருத்தமாகப் படுகிறது. உறைபனியை நாம் அறியோம். கெடுபிடியை நன்கு அறிவோம்.

அந்தப் போர் உடுவிலுக்கு எந்த வழியால் வந்தது? பீரங்கி வழியாக அல்ல. சங்கக்கடை வழியாக வந்தது. என் அம்மம்மா 1953ஆம் ஆண்டைப் பற்றிப் பேசும்போது ஸ்டாலின் இறந்ததையோ கொரியாவில் யுத்தம் ஓய்ந்ததையோ சொல்வதில்லை. “கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறின வருசம்” என்றே சொல்வார். நாலு சுண்டு ஒரு கொத்து. அந்தக் கொத்துக்குள்ளே இரண்டு வல்லரசுகளும் இருந்தன என்பது அவருக்குத் தெரியாது. அதை எடுத்துக் காட்டுவதே இன்றைய உரையின் நோக்கம்.

உடுவிலுக்கு அமெரிக்கா புதியதல்ல. 1824இல் இங்கே அமெரிக்க மிஷனரிமார் பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார்கள். ஆசியாவின் மிகப் பழைய மகளிர் விடுதிப் பாடசாலைகளுள் அதுவும் ஒன்று. அயலிலுள்ள மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தமிழிலே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகையைத் தொடங்கியதும் அதே மிஷன்தான். ஆகவே எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அமெரிக்கா என்றால் ஒரு பள்ளிக்கூடம், ஓர் ஆஸ்பத்திரி, ஓர் அச்சுக்கூடம். அது ஒரு வல்லரசாகவும் ஆயிற்று என்பதை அவர்கள் பின்னரே உணர்ந்தார்கள்.

மற்றைய திசையும் எங்களை வந்தடைந்தே இருந்தது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலே கற்பித்த மு. கார்த்திகேசன் மாஸ்டர் கம்யூனிஸ்ட் கட்சியைக் குடாநாட்டில் வேரூன்றச் செய்தார். 1948ஐ அடுத்து சென்னை மாகாணத்திலே கம்யூனிஸ்டுகள் வேட்டையாடப்பட்ட காலத்தில் ப. ஜீவானந்தம் கடல்கடந்து யாழ்ப்பாணத்தில் தலைமறைவாய் இருந்தார். டொமினிக் என்ற இளைஞர் தம் பெயரோடு ‘ஜீவா’ என்பதைச் சேர்த்துக்கொண்டது அவர்மீது கொண்ட பற்றினாலேயே. அந்த இளைஞரும் கே. டானியலும் வளர்ந்த சூழலில்தான் 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உருவாயிற்று. நம் ஈழத்து இலக்கியத்தின் ஒரு கிளை அந்தக் கெடுபிடிக் காலத்தின் காற்றைச் சுவாசித்தே தழைத்தது எனலாம்.

இனி அந்தக் காலத்தை ஆண்டு வரிசையிலே பார்ப்போம். 1947 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன், கம்யூனிசம் பரவாமல் தடுப்பதே தமது நாட்டின் கொள்கை என்று பிரகடனம் செய்தார். 1948 பெப்ரவரி 4இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு ஜூனில் சோவியத் யூனியன் மேற்கு பேர்லினுக்குச் செல்லும் தரைவழிகளை மறித்தது. 1949 ஏப்ரலில் நேட்டோ பிறந்தது; ஒக்டோபரில் மக்கள் சீனம் பிறந்தது. 1950 ஜூன் 25இல் கொரியாவில் யுத்தம் மூண்டது. பூனைகள் இரண்டு சண்டையிடும் முற்றத்திலே கண்விழித்த குஞ்சைப் போலத்தான் நமது நாடு தன் சுதந்திர வாழ்வைத் தொடங்கியது.

தொடக்கத்தில் அதன் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை. பிரித்தானியாவுடன் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையின்படி திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரித்தானியரிடமே இருந்தன. இப்படிப்பட்ட நாடு உண்மையிலே சுதந்திர நாடுதானா என்று கேட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கை சேர்வதைச் சோவியத் யூனியன் 1948இல் வீற்றோ அதிகாரத்தால் தடுத்தது. 1951இல் செய்த ஓர் உடன்படிக்கையின்படி இலங்கை வானொலியின் நேரத்தில் ஒரு பங்கு ‘வொயிஸ் ஒவ் அமெரிக்கா’வுக்கு வழங்கப்பட்டது, பதிலுக்கு அஞ்சற் கருவிகள் கிடைத்தன. நாங்கள் கேட்டு மகிழ்ந்த வானொலியும் அந்தப் போரின் ஒரு களமாக இருந்தது என்பதை, இந்த ஒலிபரப்பில் இருந்துகொண்டே சொல்வதில் ஒரு பொருத்தம் உண்டு. அதே 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டிலே, நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன ஜப்பானுக்கு முழுச் சுதந்திரம் வேண்டுமெனப் பேசி, சோவியத் முன்மொழிவுகளை எதிர்த்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின.

வெளியே இப்படி. உள்ளே என்ன நடந்தது? 1947 பொதுத் தேர்தலில் மூன்று இடதுசாரிக் கட்சிகளும் சேர்ந்து 18 ஆசனங்களைப் பெற்றன. தோட்டத் தொழிலாளரின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. அது மட்டுமன்று, வேறு பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்கே விழுந்தன. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இதற்கு இனச்சார்பும் காரணம், சிவப்பு அச்சமும் காரணம். இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் ஒரே மூச்சில் நாடற்றவர்களானார்கள். தமிழ்க் காங்கிரஸ் பிளவுபட்டதும், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியதும் இந்தக் கேள்வியை ஒட்டியே.

அந்தத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளிலே றப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கதை இங்கே திரும்புகிறது.

கொரிய யுத்தம் தொடங்கியதும் றப்பர் விலை கிடுகிடுவென்று ஏறியது. யுத்த வாகனங்களுக்கு டயர் வேண்டுமல்லவா? ஆனால் அந்த வாழ்வு நீடிக்கவில்லை. 1952இல் றப்பர் விலை விழுந்தது, அரிசி விலையோ ஏறியது. இலங்கை தனக்கு வேண்டிய அரிசியிற் பெரும்பங்கை வெளியிலிருந்தே வாங்கும் நாடு. அரிசி தேடி அது உலகச் சந்தையில் அலைந்தது. அமெரிக்காவிடமிருந்து ஏற்கத்தக்க விலையில் அரிசியும் கிடைக்கவில்லை, றப்பருக்கு நல்ல விலையும் கிடைக்கவில்லை. சீனத்திடமோ அரிசி இருந்தது, றப்பர் இல்லை. ஏனெனில் 1951 மே 18இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, யுத்தத்துக்கு உதவும் பொருள்களைச் சீனத்துக்கு அனுப்பக் கூடாதென்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. அப்பொருள்களுள் றப்பரும் அடங்கும்.

நேயர்களே, இந்த இடத்தைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள். அத்தீர்மானம் ஐக்கிய நாடுகள் சபையின் அங்கத்துவ நாடுகளை நோக்கியது. இலங்கை அங்கத்துவ நாடல்ல. ஏன் அல்ல? சோவியத் யூனியன் வீற்றோ செய்தபடியால்! மேற்குலகின் பின்னால் நிற்கிறது என்று குற்றஞ்சாட்டி மொஸ்கோ அடைத்த கதவுதான், கம்யூனிஸ்ட் சீனத்தோடு வாணிகம் செய்ய இலங்கைக்கு வழிவிட்டது. திட்டமிட்டுச் செய்தாற்கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திராது.

பிரதமர் டட்லி சேனநாயக்கவின் ஒன்றுவிட்ட சகோதரரும் வர்த்தக அமைச்சருமான ஆர். ஜி. சேனநாயக்க பீக்கிங் சென்றார். 1952 டிசம்பர் 18இல் ஐந்தாண்டு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் இலங்கை 50,000 தொன் றப்பர் கொடுக்கும். சீனம் 270,000 தொன் அரிசி கொடுக்கும். றப்பருக்குச் சந்தை விலையிலும் கூடுதலான விலை கிடைத்தது. அந்நாளில் இரு நாடுகளுக்குமிடையே தூதரகம் கூட இல்லை. 1950 ஜனவரியிலே மக்கள் சீனத்தை இலங்கை அங்கீகரித்திருந்த போதிலும், முழுமையான இராஜதந்திர உறவு 1957இல்தான் ஏற்பட்டது. தூதுவர் போவதற்கு முன் அரிசிக் கப்பல் வந்து சேர்ந்தது.

இதற்கான தண்டனை தாமதிக்கவில்லை. சீனத்துக்குப் போர்ப்பயனுள்ள பொருள் விற்கும் நாட்டுக்கு உதவி கிடையாது என்பது அமெரிக்கச் சட்டம். 1956 வரை இலங்கைக்கு அமெரிக்கப் பொருளாதார உதவி கிட்டவில்லை. றப்பர் இலைநோய்க்குத் தூவும் கந்தகம் கூட மறுக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் கிடைத்த பாராட்டு ஒன்றேகால் ஆண்டு கூட நிலைக்கவில்லை.

சீனத்து அரிசி வந்தும் கொத்து விலை ஏன் ஏறியது என்று நீங்கள் கேட்கலாம். அரிசி வந்தது உண்மை. ஆனால் அதனை 25 சதத்துக்கு விற்பதற்கு அரசு கொடுத்துவந்த மானியம், ஏற்றுமதி வருமானம் வீழ்ந்த காலத்தில் பெருஞ்சுமையாயிற்று. 1953 ஜூலையில் அந்தச் சுமை மக்கள் தலையில் இறக்கப்பட்டது. ஓகஸ்ட் 12இல் இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலினால் நாடு ஸ்தம்பித்தது. தமிழரசுக் கட்சியும் அதனை ஆதரித்தது. துப்பாக்கிச் சூட்டிலே குறைந்தது 10 பேர் மாண்டனர். அமைச்சரவை கூடியது எங்கே தெரியுமா? கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ‘நியூபவுண்ட்லாந்து’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில். சுதந்திர நாடுதானா என்று ஐந்து ஆண்டுகளுக்கு முன் கேட்கப்பட்ட கேள்விக்கு அமைச்சர்களே ஒரு பதிலைக் கொடுத்தது போல ஆயிற்று. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். கொத்து 55 சதத்துக்கு இறங்கியது.

அடுத்து வந்த சேர் ஜோன் கொத்தலாவல 1955 ஏப்ரலில் பாண்டுங் மாநாட்டிலே, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் யூனியன் நடத்துவதும் குடியேற்றவாதமே என்று பேசி, சூ என் லாயையும் நேருவையும் திடுக்கிடச் செய்தார். ஆனால் அவர் ஆட்சியிலும் றப்பர் கப்பல்கள் சீனத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. பேச்சு ஒரு திசை, கப்பல் ஒரு திசை. 1955 டிசம்பரில் இரு முகாம்களும் பேரம் பேசி 16 நாடுகளைச் சேர்த்தபோது இலங்கையும் ஐக்கிய நாடுகள் சபைக்குள் நுழைந்தது. 1957இல் பண்டாரநாயக்க ஆட்சியிலே பிரித்தானியத் தளங்கள் மீளப்பெறப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டில் சிங்களம் மட்டும் சட்டமும் அதே ஆட்சியில்தான் வந்தது.

இந்த வரலாற்றிலே என்னை உறுத்துவது ஒன்று உண்டு. கம்யூனிச அச்சம் என்பது வெளியே எவ்வளவு நெகிழ்ச்சியாக இருந்தது! அரிசி வேண்டுமென்றால் மாவோவின் அரசோடும் கைகுலுக்கலாம். அதிலே தவறில்லை, பசித்த நாடு செய்ய வேண்டியதையே செய்தது, துணிவாகவும் செய்தது. ஆனால் அதே அச்சம் உள்ளே, வாக்களித்த ஏழையின் மீது திரும்பியபோது இம்மியும் நெகிழவில்லை. சீனத்துக்குப் போன றப்பருக்குப் பால் வெட்டியவர்களுள், இந்த நாடு தன் பிரஜை என்று ஏற்க மறுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய கை பட்ட றப்பருக்கு மாற்றாக வந்த அரிசியையே உடுவிலில் நாங்களும் உலையிலிட்டோம்.

ஆண்டுகளை மட்டும் நிரைப்படுத்திப் பாருங்கள். றப்பர்-அரிசி உடன்படிக்கை முப்பது ஆண்டுகள் நீடித்து 1982இல் முடிவுற்றது. சோவியத் யூனியன் 1991இல் கலைந்தது; கெடுபிடிப் போரும் அத்தோடு ஓய்ந்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் மலையக மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல். வல்லரசுகளின் பகை தீர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகுதான், அந்தப் பகையின் பெயராலும் பறிக்கப்பட்ட உரிமை முழுமையாகத் திரும்பியது.

அம்மம்மா அரிசி அளக்கும்போது கொத்தின் விளிம்பைக் கையால் வழித்துவிட்டு, கடைசியில் ஒரு பிடி அள்ளி மேலதிகமாகப் போடுவார். “அளந்தது அவங்கட கணக்கு, இது எங்கட கணக்கு” என்பார். உலகச் சரித்திரத்தைப் பெரியவர்கள் தங்கள் அளவையால் அளந்து தருகிறார்கள். அந்த அளவையில் விடுபட்டவர்களை நினைந்து ஒரு பிடி கூட்டிப் போடுவது நம்முடைய கணக்கு.