படுதா கட்டினா யாருக்கு லாபம்?

குற்றால சீசனுக்கு வரும் நகரத்து நண்பர்கள் சிலர் இப்போது பிக்கப் வண்டியிலேயே வருகிறார்கள். பின்தொட்டிக்கு மேல வழவழன்னு ஒரு மூடி. மழைக்கான்னு கேட்டா, "மழைக்கும்தான், மைலேஜும் கூடும்" என்கிறார்கள். பிறகு தென்காசி ரோட்டில் தக்காளி ஏத்திப் போகிற குட்டி யானையைக் காட்டி, "அவங்களும் அதுக்குத்தானே தார்ப்பாய் கட்டுறாங்க?" என்று ஒரு கேள்வி.

அதுக்கு இல்லை. ஆனா ஒரே வார்த்தையில் முடிகிற விஷயமும் இல்லை. எங்க பக்கத்தில் சரக்கு வண்டிக்கு மூடி வந்த கதை கொஞ்சம் பழசு.

மாட்டு வண்டிக் காலத்தில் ஆள் போகிற வண்டிக்கு மூங்கில் வளைத்துக் கூண்டு கட்டுவார்கள். பார வண்டிக்கு ஓலைப்பாய்தான். வண்டி போகிற வேகம் மணிக்கு மூணு, நாலு கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு எதிர்க்காத்தைப் பத்தி யாரு கவலைப்பட்டா? கவலையெல்லாம் சாரல் மேலதான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியா வருகிற சாரல் பெருமழை மாதிரி கொட்டாது. பொடிசா நாள் பூரா நனைக்கும். சாக்கு தண்ணியைக் குடிச்சா மூட்டை கனக்கும், மூட்டை கனத்தா மாடு மலையேறத் திணறும். ஆக, பாய் போட்டது சரக்குக்காக மட்டும் இல்லை, மாட்டுக்காகவும்தான். எரிபொருளை மிச்சம் பிடிக்கிற வேலையை அந்த ஓலைப்பாய் அப்பவே செஞ்சிருக்கு. என்ன, அன்னைக்கு எரிபொருள் வைக்கோலும் பருத்திக்கொட்டையும்.

மூடிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தென்காசி அப்போ பிரிட்டிஷ் திருநெல்வேலி ஜில்லா. கூப்பிடு தூரத்தில் இருக்கிற செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜாவின் சீமை. 1865-ல் இரு அரசுகளும் வர்த்தக ஒப்பந்தம் போட்டு ஏகப்பட்ட சுங்கத்தைக் குறைத்தாலும், புகையிலை மாதிரி சரக்குகள் மேல கெடுபிடி போகவில்லை. வண்டியை நிறுத்தி, மூடியை விலக்கிப் பார்ப்பது எல்லை வழக்கமாச்சு. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை நம்ம மாநிலத்தோடு சேர்ந்ததும் எல்லை மேற்கே நகர்ந்தது, வழக்கம் மட்டும் நிலைத்தது. புளியரை, ஆரியங்காவு என்று செக்போஸ்ட் தோறும் கயிறை அவிழ்த்துக் கட்டினதெல்லாம் வண்டி ஓட்டினவர்களுக்குத் தெரியும். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்து வணிகவரி செக்போஸ்ட்டுகள் போன பிறகுதான் அந்த வரிசை குறைந்தது.

ரயில் 1904-ல் மலையைக் குடைந்து செங்கோட்டை வழியா புனலூர் போனது. ஆனாலும் காய்கறிக்கு லாரிதான் தோது. தோட்டத்துப் பக்கம் ஏத்தி கடை வாசல்ல இறக்கலாம்.

லாரியோடு வந்தது தார்ப்பாய். தார், பாய் ரெண்டும் நம்ம வார்த்தை மாதிரி அழகாப் பொருந்தி நிற்கிறது, ஆனா மூலம் ஆங்கிலத்து டார்பாலின். கப்பல்காரர்கள் கித்தான் துணியில் தார் பூசி மழைக்கும் கடல் தண்ணிக்கும் மூடி வைத்தார்கள். அது நம்ம வாய்க்கு வந்து தார்ப்பாய் ஆச்சு. லாரிக்காரர்கள் படுதா என்றே சொல்வார்கள். கித்தான் படுதா தூக்க ரெண்டு ஆள் வேணும், நனைந்தால் மூணு ஆள். பிளாஸ்டிக் பாய் வந்ததும் ஒரு ஆள் போதும்.

இதுவரை எங்கேயும் காத்து என்ற பேச்சே வரவில்லை, கவனிச்சீங்களா? அது வந்தது 1973-ல். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி விலை எகிறின வருஷம். அமெரிக்காவில் நாசா பொறியாளர் ஒருவர் சைக்கிளில் போகும்போது, கடந்து போன பெரிய லாரிகளின் காத்து தன்னைத் தள்ளுவதைக் கவனித்தார். ஒரு வேனைச் சுற்றிப் பெட்டி மாதிரி தகடு அடித்து, பிறகு அதன் மூலைகளை உருட்டிப் பார்த்தார்கள். காத்தின் எதிர்ப்பு பெருமளவு குறைந்தது. நம்ம நாட்டில் 1978-ல் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் தொடங்கினார்கள். 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்க என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் காரணம் இதே காத்துதான். வேகம் ரெண்டு மடங்கானால் காத்தின் எதிர்ப்பு நாலு மடங்கு.

பிக்கப்பின் திறந்த தொட்டிக்குள் நடப்பது ஒரு வேடிக்கை. கேபினைத் தாண்டி இறங்குகிற காத்து தொட்டிக்குள் சுழன்று, அங்கேயே ஒரு மெத்தை மாதிரி நிற்கிறது. பின்னால் வருகிற காத்து அந்த மெத்தை மேல வழுக்கிப் போய்விடுகிறது. "பின்கதவைத் தொங்க விட்டா காத்து தங்காமப் போயிரும் அண்ணாச்சி" என்று எங்க பக்கத்து டிரைவர்கள் சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. கதவைத் திறந்தால் அந்த மெத்தை கலைந்துவிடும். பெரும்பாலான பிக்கப்புகளுக்குக் கதவை மூடி வைப்பதே நல்லது. மேலே இறுக்கமா ஒரு மூடியும் போட்டால் இன்னும் கொஞ்சம் மிச்சம். அந்தக் கொஞ்சம் நூத்துக்கு ஒண்ணு, ரெண்டு என்ற அளவுதான். அதுவும் நெடுஞ்சாலை வேகத்தில்.

இனி எங்க பாதைக்கு வருவோம். டாடா ஏஸ் 2005-ல் வந்தது. 702 சிசி என்ஜின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் பாரம். லாரி நிரப்பச் சரக்கில்லாத சின்ன விவசாயிக்கும் அதோடு ஒரு வண்டி கிடைத்தது. தென்காசியில் இருந்து கொல்லம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். புளியரை தாண்டினால் வளைவும் ஏற்றமும்தான். அங்கே டீசலைக் குடிப்பது பாரம், காத்து இல்லை. காத்து கணக்குக்கு வருவது அதுக்கு முந்தின சமதளத்தில். ஆடிக் காத்து மேற்கே கணவாய்க்குள்ள இருந்து நேரா மூஞ்சியில் அடிக்கும். சுரண்டை பக்கம் காத்தாடி ஆலைகள் நிற்பதே அந்தக் காத்தை நம்பித்தான். 50 வேகத்தில் போகிற வண்டிக்கு 30 வேக எதிர்க்காத்து அடித்தால், வண்டி 80 வேகக் காத்தைக் கிழிக்கணும். எதிர்ப்பு ரெண்டரை மடங்கு. அந்த நேரத்தில் படுதா தொளதொளன்னு கட்டியிருந்தால் பாய்மரம் மாதிரி புடைத்துப் பின்னாடி இழுக்கும். கட்டாம விட்டதை விட அது மோசம்.

சரி, இறுக்கிக் கட்டினால் எவ்வளவு மிச்சம்? போக வர 200 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வையுங்கள், 13 லிட்டர் சொச்சம். நூத்துக்கு ரெண்டு என்றால் கால் லிட்டர். டீசல் 90 ரூபாய்க்கு மேல விற்கிற இன்றைக்கு அது 25 ரூபாய் சுமார். ஒரு டீ, ஒரு வடை.

இந்தக் கணக்கில் எங்களைச் சேர்க்கவே இல்லை, பாருங்க. அந்த 25 ரூபாய் வண்டிக்காரருக்கு. வாடகை அதே வாடகைதான். ஆனா மழை இல்லாத நாளில் பிளாஸ்டிக் பாயை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினால் உள்ளே காய் வேகும். கத்தரிக்காய் சுருங்கும், தக்காளி வேர்த்து அழுகும். அந்தப் பக்கம் இறக்கும்போது ஒரு பெட்டி தக்காளி கழிந்தால், விலை இருக்கிற நாளில் அது பல நூறு ரூபாய். அந்த நஷ்டம் சுத்திச் சுத்தி விவசாயி தலையில்தான் விடியும். அதனால்தான் அனுபவப்பட்ட டிரைவர்கள் வெயில் நாளில் மேலே மட்டும் படுதா போட்டு, பக்கவாட்டில் வலையைக் கட்டுகிறார்கள். மைலேஜ் புத்தகம் அதைத் தப்பு என்று சொல்லும். காய் சரியென்று சொல்லும்.

டீசலுக்கு உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 2014 அக்டோபரில் டீசல் விலையைச் சந்தை கையில் விட்டதும், 2017 ஜூனில் இருந்து விலை தினமும் மாறத் தொடங்கியதும் வாடகையில் தெரிந்தன. வண்டி காய் கொண்டு போகிறது, வெறும் தொட்டியோடு திரும்புகிறது. நாங்கள் கொடுக்கிற வாடகையில் அந்த வெத்து நடையும் அடக்கம். மூடி மிச்சம் பிடிப்பது கால் லிட்டர். திரும்பி வரும்போது ஒரு லோடு கிடைத்தால், வருகிற டீசல் முழுவதையும் அந்த லோடு ஏற்றுக்கொள்ளும். மலைக்கு ரெண்டு பக்கமும் மார்க்கெட் இருக்கு, ஆளுக்கு ஆள் கையில் போன் இருக்கு. திரும்புகிற வண்டிக்குச் சரக்குப் பேசி வைக்க ஏற்பாடு வந்தால், அன்றைக்கு வாடகையைக் குறைக்கச் சொல்லி நாங்களும் வாய் திறந்து கேட்கலாம்.