வாப்பாவின் மேசையும் காதியாரின் கதவும்

எனது வாப்பா ஒரு பிரக்கிராசியாரிடம் கிளாக்கராக இருந்தவர். பகல் முழுவதும் மட்டக்களப்புக் கோட்டில் கோப்புகளோடு அலைந்துவிட்டு, இஷாத் தொழுகைக்குப் பின் வீட்டு மண்டபத்திலிருந்த பலகை மேசையில் அரிக்கன் லாம்பை ஏற்றிவைத்துக்கொண்டு உட்காருவார். அந்த நேரத்தில் அவரைத் தேடி வருபவர்கள் அநேகமாகப் பெண்கள். தனியாக வரமாட்டார்கள், உம்மாவோ, பெரியம்மாவோ, விவரம் தெரியாத ஒரு சின்னத் தம்பியோ துணைக்கு வருவார்கள். காதியாருக்குக் கொடுக்க மனு எழுத வேண்டும் என்பார்கள்.

"அவரு மூணு வருஷமா வாறல்ல காக்கா. புள்ளைக்கும் ஒண்டும் தாறல்ல" என்று அவர்கள் சொல்வார்கள். வாப்பா எழுதுவார்: "எதிர்மனுதாரர் மனுதாரியாகிய என்னையும் எனது பிள்ளையையும் மூன்று வருட காலமாகப் பராமரிக்காது கைவிட்டுள்ளார்." எழுதி முடித்து வாசித்துக் காட்டுவார். அந்தப் பெண்கள் தலையாட்டுவார்கள். பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டுப் போவார்கள். தங்கள் துயரம் இவ்வளவு பெரிய சொற்களில் இருந்ததா என்ற திகைப்பு அவர்களின் முகத்தில் தெரியும். சிறுவனாக இருந்த எனக்கும் அதே திகைப்புத்தான்.

காதியாரிடம் போவதற்கு ஒரு கோட்டுக் கிளாக்கரின் உதவி எதற்கு என்ற கேள்வி அப்போது எனக்கு எழவில்லை. பின்னாளில் எழுந்தது. அதற்கு விடை தேடினால் இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

இலங்கை முஸ்லிம்களின் விவாகம், விவாகரத்து, வாரிசுரிமை ஆகியவை பற்றி ஆங்கிலேயர் வெளியிட்ட முதலாவது எழுத்துச் சட்டம் 1806ஆம் ஆண்டின் முகம்மதியச் சட்டக்கோவை. அதன் மூலம் இங்கே பிறந்ததன்று. பத்தாவியாவில் ஒல்லாந்தர் தொகுத்து வைத்திருந்த திரட்டொன்றே அதற்கு அடிப்படையானது. கொழும்புப் பகுதியின் முஸ்லிம் தலைவர்களிடம் கேட்டறிந்து, திருத்தி, சர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் காலத்தில் அது வெளியாயிற்று. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை நாடு முழுவதற்கும் விரித்தது. விவாகங்களைப் பதிவு செய்வதற்கு 1886இல் இன்னொரு சட்டம் வந்தது. ஆனால் வழக்கு என்று வந்தால் போக வேண்டிய இடம் எல்லோருக்கும் பொதுவான நீதிமன்றமே. அங்கே பேசப்பட்டது ஆங்கிலம். பிரக்கிராசியும் அப்புக்காத்தும் இல்லாமல் அங்கே ஒரு சொல்லும் நகராது.

எமது இலக்கிய வரலாற்றோடு இதற்கு ஓர் உறவுண்டு. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவரும், 1885இல் 'அஸன்பேயுடைய கதை'யைத் தந்தவருமான அறிஞர் சித்திலெப்பை தொழிலால் ஒரு பிரக்கிராசி. கோட்டின் மொழியை அறிந்த ஒருவர் சமூகத்தின் மொழியிலும் எழுத வந்தார் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்த இரண்டு மொழிகளுக்கும் இடையிலிருந்த பள்ளத்தை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை.

1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காதிகளைச் சட்டபூர்வமாக நியமிக்க வழி செய்தது. அது நடைமுறைக்கு வந்தது 1937இல். அதனிடத்தில் வந்ததே இன்றுவரை நாம் பேசிவரும் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். 1954 ஆகஸ்ட் மாதம் அமுலுக்கு வந்த இச்சட்டத்தின் 74ஆம் பிரிவுதான் வாப்பாவின் மேசைக்கு ஆட்களை அனுப்பிவைத்தது. காதியின் முன்னால் எந்தச் சட்டத்தரணியும் ஒரு கட்சிக்காரருக்காகத் தோன்றக்கூடாது என்கிறது அந்தப் பிரிவு.

இந்தத் தடையைக் குறை சொல்பவர்கள் அதற்கான நியாயத்தையும் அறிந்திருப்பது நல்லது. வாப்பாவே இதை ஆதரித்தவர். வழக்காடி வழக்காடி வயற்காணியை இழந்த குடும்பங்களை அவர் கோப்புக் கோப்பாகக் கண்டிருந்தார். "புருசன் பொண்சாதிக்கு நடுவுல அப்புக்காத்து வந்தா, ஒட்டுற பாத்திரமும் உடைஞ்சி போயிரும்" என்பார். கணவன் தரப்பிலிருந்து ஒருவரும் மனைவி தரப்பிலிருந்து ஒருவரும் மத்தியஸ்தராக அமர்ந்து இணக்கத்துக்கு முயல வேண்டும் என்ற, அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தின் போதனையும் இதற்குப் பின்னால் இருந்தது. செலவில்லாமல், தாமதமில்லாமல், தெரிந்த மொழியில், தெரிந்த மனிதர் முன்னால் தீர்வு: நோக்கம் நல்லதுதான்.

இனி நடைமுறையைப் பார்ப்போம். தலாக் சொல்ல விரும்பும் கணவன் மனைவி வசிக்கும் பகுதியின் காதிக்கு அறிவிக்கிறான். காதி உறவினரையும் ஊர்ப் பெரியோரையும் கொண்டு இணக்கத்துக்கு முயல வேண்டும். 30 நாட்களில் அது கைகூடாவிட்டால், காதியின் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் தலாக் சொல்லப்பட்டுப் பதிவாகிறது. கணவன் எந்தக் குற்றத்தையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பஸஹ் கேட்கும் மனைவியின் பாதை வேறு. அவள் காரணம் சொல்ல வேண்டும், சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். காதியோடு மூன்று மதிப்பீட்டாளர்கள் அமர்ந்து விசாரிப்பார்கள். அதாவது, வழக்கை நிரூபிக்கும் பாரம் யார் தலையில் இருக்கிறதோ, அவளுக்கே பேசத் தெரிந்த துணை இல்லை.

இன்னொன்று: எல்லா வழக்கும் காதியின் கதவோடு முடிவதுமில்லை. மஹர், கைக்கூலி, மனைவி பிள்ளைகளின் தாபரிப்பு, இத்தாக் காலச் செலவு ஆகியவற்றைக் காதியிடம் கேட்கலாம். தாபரிப்புக் கட்டளையைக் கணவன் மதிக்காவிட்டால், பணத்தை அறவிடுவதற்கு அது நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்குக்கு மாவட்ட நீதிமன்றம். காதியின் தீர்ப்பில் குறையிருந்தால் 30 நாட்களுக்குள் காதிகள் சபைக்கு மேன்முறையீடு. அதற்கும் மேலே, அனுமதி பெற்று மேன்முறையீட்டு நீதிமன்றம். காதியின் வாசலைத் தாண்டியதும் இந்த இடங்களிலெல்லாம் சட்டத்தரணி தோன்றலாம். ஆகவே 1951ஆம் ஆண்டுச் சட்டம் அப்புக்காத்தை இல்லாமலாக்கவில்லை. அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது, அவ்வளவுதான்.

வாசலுக்கு உள்ளே நடப்பதை நான் நேரில் கண்டது 1996இல். எனது சாச்சியின் மகள் பஸஹ் கேட்டிருந்தாள். வாப்பா அப்போது மௌத்தாகிவிட்டார். துணைக்குப் போனவன் நான். பாடசாலை வகுப்பறையொன்றில் விசாரணை. மாப்பிள்ளையோடு அவருடைய காக்காவும் ஊரில் செல்வாக்குள்ள ஒருவரும் வந்திருந்தார்கள். இணக்கத்துக்கு வந்த பெரியவர் என்ற பெயரில் அந்தச் செல்வாக்குள்ளவர் பேசினார்; ஓர் அப்புக்காத்து பேசியிருந்தாலும் அவ்வளவு சரளமாகப் பேசியிருக்கமாட்டார். காதியார் கெட்ட மனிதரல்லர். தங்கச்சியைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க மகள்?" என்று அன்பாகத்தான் கேட்டார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "எனக்கு ஒண்டும் வேணாம், விட்டாக் காணும்" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம் பதிவாயிற்று. 'ஒண்டும் வேணாம்' என்பது எங்கள் ஊர்ப் பெண்கள் அழும்போது சொல்லும் வார்த்தை. கோப்பில் அது உரிமையைக் கைவிட்ட வாக்குமூலமாகிவிட்டது. பிள்ளைக்கான தாபரிப்பைத் தனியே கேட்டு மனுச் செய்ய வேண்டும் என்பது அவளுக்கும் தெரியாது, படித்தவனாகிய எனக்கும் தெரியாது. நாங்கள் விசயம் விளங்கி நகரத்தில் ஒரு சட்டத்தரணியைத் தேடிப் போனபோது 40 நாட்கள் கடந்திருந்தன. அவர் கேட்ட முதற் கேள்வி, "தீர்ப்பின் பிரதி இருக்கா?" என்பது. எங்களிடம் இருக்கவில்லை. பிள்ளையின் தாபரிப்பைத் தாயின் ஒரு வார்த்தை அழித்துவிடாது, புதிதாகக் கேட்கலாம் என்று அவர்தான் சொன்னார். கேட்டோம், கிடைத்தது. கடந்துபோன மாதங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று கற்றதை வாசகர்களுக்காக எழுதி வைக்கிறேன். சட்டத்தரணி காதியின் முன் பேச முடியாது. ஆனால் காதியிடம் போவதற்கு முன்பு அவரிடம் ஆலோசனை கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. திருமணப் பதிவின் பிரதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு முதலில் அவரிடம் போவதே புத்தி. எதை எதைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். கட்டளை பிறந்ததும் உறுதிப்படுத்திய பிரதியைக் கேளுங்கள். 30 நாள் கணக்கு உங்கள் அழுகை ஓயும் வரை காத்திருக்காது. மேல் நீதிமன்றங்களுக்குப் போகும்போது சட்டத்தரணிக்குப் புரொக்சி எழுதிக் கையொப்பமிடுவீர்கள். அது உங்கள் பெயரால் செயற்பட அவருக்குத் தரும் அதிகாரம். வெற்றுத் தாளில் ஒப்பமிடாதீர்கள். கட்டணம் எவ்வளவு, அது ஒரு தவணைக்கா முழு வழக்குக்கா என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். வசதியற்றோருக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதன் கதவைத் தட்டுவது வெட்கமன்று.

1951ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துவது பற்றிப் பல குழுக்கள் கூடிக் கலைந்திருக்கின்றன. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழுவின் முடிவு 2018 ஜனவரியில், உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து நின்ற நிலையில், கையளிக்கப்பட்டது. காதியாகப் பெண் வரலாமா, மணமகளின் வயது என்ன என்பன பற்றியே எமது விவாதங்கள் சூடாக நடந்தன. அவை முக்கியமானவைதான். ஆனால் விசாரணை அறையில் அவளுக்காக யார் பேசுவது என்ற கேள்வி அந்தச் சூட்டில் ஓரத்துக்குப் போய்விட்டது. அப்புக்காத்தை உள்ளே விட்டால் பணமுள்ளவன் பெரிய அப்புக்காத்தைக் கொண்டுவருவான் என்ற அச்சம் பொய்யானதன்று. ஆனால் செல்வாக்குள்ள 'பெரியவர்' ஏற்கெனவே உள்ளேதான் அமர்ந்திருக்கிறார். இரு பக்கத்துக்கும் துணை, அல்லது இரு பக்கத்துக்கும் இல்லை. இரண்டில் ஒன்றையாவது உண்மையாகச் செய்ய வேண்டும். மனுவை எழுதுவதற்கும் உரிமைகளை முன்கூட்டியே விளக்குவதற்கும் பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு காதி நீதிமன்றத்திலும் இருப்பாராயின், பாதிக் குறை தீரும் என்பது எனது எண்ணம்.

அல்முஜாதலா அத்தியாயத்தின் தொடக்கத்தை நினைத்துப் பார்க்கிறேன். கவ்லா (ரலி) அவர்கள் தம் கணவர் பற்றிய முறைப்பாட்டோடு வந்து தாமே வாதாடினார்கள். அவர்களுக்கு அப்புக்காத்து தேவைப்படவில்லை, ஏனெனில் அவர்களின் சொல் அவர்கள் சொன்னபடியே கேட்கப்பட்டது. எனது தங்கச்சிக்கு அது கிடைக்கவில்லை.

1951ஆம் ஆண்டுச் சட்டம் விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. அவளது வலியின் ஒப்பம் போதுமாயிருந்தது. வாப்பாவின் மேசைக்கு வந்த பெண்கள் தங்கள் மணவாழ்வு பற்றிய ஒரு தாளில் முதன்முதலாக விரலடையாளம் வைத்தது அது முறிந்தபோதுதான். அந்த மேசை இப்போது எனது வீட்டில் இருக்கிறது. அதன் வலது மூலையில் மை ஊறிய கறை இன்னும் போகவில்லை. எத்தனை பெருவிரல்கள் அங்கே ஊன்றின என்று எனக்குத் தெரியாது. அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதி வைத்தவர் எவருமில்லை என்பது மட்டும் தெரியும்.