சகபயணியின் சம்மதம்: பொதுவிடப் புகைபிடித்தல் குறித்த இந்தியச் சட்டங்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பொதுவிடங்களில் புகைபிடிப்பதை இந்தியச் சட்டங்கள் எவ்வாறு கையாண்டு வந்துள்ளன என்பதை 1860ஆம் ஆண்டு முதல் இக்கட்டுரை ஆராய்கிறது. தனிமனித விருப்பம் ஒருபுறம், அரசின் கட்டுப்பாடு மறுபுறம் என்னும் இருமுனைப் பார்வை இவ்வரலாற்றை விளக்கப் போதுமானதன்று. புகைப்பவருக்கு அருகில் இருப்பவரின் சம்மதம் முதலில் கட்டாயமாக இருந்தது. பின்னர் அது ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமையாகச் சுருங்கியது. இறுதியில் சட்டத்திற்கு அது தேவையற்றதாகிவிட்டது. இம்மாற்றத்தின் காரணங்களும், அதனால் விடுபட்டுப்போன இடங்களும் இங்கு விவாதிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புகையிலை, பொதுவிடம், ரயில்வே சட்டம், சம்மதம், பொதுத்தொல்லை, பீடி

முன்னுரை

மதுவிலக்கு பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அரசு தொடங்கிய மதுவிலக்கும், அதனால் நேர்ந்த வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் கொண்டுவரப்பட்ட விற்பனை வரியும் வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்தவை. புகையிலைக்கு அத்தகைய கவனம் கிடைக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் உறுப்பு போதை தரும் பானங்களையும் உடல்நலத்திற்குக் கேடான போதைப் பொருள்களையும் விலக்க அரசு முயலவேண்டும் என்கிறது; புகையிலையை அது பெயர் சுட்டிக் கூறவில்லை. குடிப்பவரை அவரிடமிருந்தே காப்பது மதுவிலக்கின் அடிப்படை. புகைபிடித்தல் பற்றிய சட்டங்களோ தொடக்கம் முதலே பக்கத்தில் இருப்பவரைப் பற்றியவை. இவ்வேறுபாட்டைக் கருதாமல் இரண்டையும் ‘தனிமனித சுதந்திரத்தில் அரசின் தலையீடு’ என்னும் ஒரே தலைப்பில் அடக்குவது பொருந்தாது.

ஆகவே, சட்டம் அந்தப் பக்கத்து மனிதரை எவ்வாறு கண்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

1890: வாய் திறக்காதவரின் உரிமை

1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டத்தில் 110ஆம் பிரிவு புகைபிடித்தல் பற்றியது. புகைபிடிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட பெட்டி அறை தவிர்த்த வேறு எந்த அறையிலும், உடன் பயணம் செய்வோர் இருப்பின் அவர்களுடைய சம்மதமின்றிப் புகைபிடிப்பவருக்கு இருபது ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்றது அப்பிரிவு. ரயில்வே ஊழியர் எச்சரித்த பின்னும் நிறுத்தாதவரைப் பெட்டியிலிருந்து இறக்கிவிடவும் அதிகாரம் அளித்தது.

சட்ட வாசகத்தின் அமைப்பு இங்கு முக்கியமானது. குற்றம் ஆவது புகைபிடித்தல் அன்று. சம்மதம் பெறாமல் புகைபிடித்தல். கேட்கவேண்டிய பொறுப்பு புகைப்பவருடையது. மற்றவர் எதுவும் பேசாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால் அது சம்மதமாகாது. அறையில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேரும் இசையவேண்டும். இங்கிலாந்தில் 1868ஆம் ஆண்டின் ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம் வேறு வழியை மேற்கொண்டது. புகைப்போருக்கெனத் தனி அறைகள் அமைக்குமாறு நிறுவனங்களை அது கட்டாயப்படுத்தியது. இந்தியச் சட்டம் தனி அறையை ஒரு வாய்ப்பாக மட்டும் குறிப்பிட்டுவிட்டு, எஞ்சிய இடமெங்கும் சம்மதத்தையே நிபந்தனையாக்கியது.

இவ்விதி ரயிலில் தோன்றியதும் இயல்பே. நிலையத்திற்கும் நிலையத்திற்கும் இடையில் பயணி எழுந்து வெளியேற வழியில்லை. சாலையில் புகை பிடிக்காதவர் விலகி நடக்கலாம். திண்ணையில் எழுந்து உள்ளே போகலாம். ரயிலில் முன்பின் அறியாத இருவர் ஒரே காற்றை மணிக்கணக்கில் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது.

வழக்காறு என்னும் எழுதாச் சட்டம்

சட்டத்திற்கு முன்பே தமிழ்ச் சமூகத்தில் புகைபிடித்தலுக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. ‘செரூட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே ‘சுருட்டு’ என்பதிலிருந்து பிறந்தது என்பதும், திருச்சிராப்பள்ளிச் சுருட்டு ஐரோப்பா வரை பெயர் பெற்றிருந்தது என்பதும் புகையிலை இங்கு எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும். அப்பழக்கத்தை வழிநடத்திய நெறி, உடல்நலம் சார்ந்ததன்று, மரியாதை சார்ந்தது. தந்தைக்கு முன் மகன் பீடியை மறைத்தான். முதலாளி வரக் கண்ட தொழிலாளி அணைத்தான். ஆதிக்கச் சாதியினர் தெருவில் எதிர்ப்பட்டால் ஒடுக்கப்பட்ட சாதியினர் தோள் துண்டை எடுத்துக்கொண்டதைப் போலவே வாயிலிருந்த பீடியையும் எடுக்கவேண்டியிருந்தது. மறுதிசையில் இந்நெறி செயல்படவில்லை. பண்ணையார் சுருட்டைப் பற்றவைக்க யாரிடமும் இசைவு கேட்டதில்லை.

இந்தப் பின்னணியில் 110ஆம் பிரிவைப் படித்தால் அதன் புதுமை விளங்கும். சட்ட வாசகத்தின்படி, சுருட்டுப் பிடிக்கும் மிராசுதார் அதே அறையில் அமர்ந்திருக்கும் கூலியாளின் சம்மதத்தையும் பெறவேண்டும். நடைமுறையில் இருவரும் ஒரே வகுப்பில் பயணம் செய்வது அரிது. செய்தாலும் கூலியாள் மறுத்திருக்க மாட்டார். காலனிய அரசு சமூக நீதியை எண்ணி இவ்விதியை இயற்றவில்லை என்பதில் ஐயமில்லை. ஆயினும் தகுதி பாராமல் ‘உடன் பயணிப்போர்’ என்ற ஒரே சொல்லால் அனைவரையும் குறித்ததன் மூலம், எழுத்தளவிலேனும் ஒரு சமநிலை உருவானது. எழுத்துக்கும் வழக்காற்றுக்கும் இடையிலான இந்த இடைவெளி பிற்காலச் சட்டங்களிலும் தொடர்கிறது.

புகை நோயாகும் வரை

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 278ஆம் பிரிவு, அக்கம்பக்கத்தில் வசிப்போர், தொழில் செய்வோர், பொதுவழியில் செல்வோர் ஆகியோரின் உடல்நலத்திற்குக் கேடு விளையுமாறு காற்றை மாசுபடுத்துவதைக் குற்றமாக்கியது. அபராதம் ஐந்நூறு ரூபாய் வரை. இப்பிரிவு சுருட்டுக்கும் பீடிக்கும் பொருந்தும் என்று சொல்வதற்கு ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆயின. பக்கத்தில் இருப்பவருக்குப் புகையிலைப் புகை எரிச்சலூட்டும் என்று அக்காலத்தவர் அறிந்திருந்தனர். நோய் தரும் என்று அறியவில்லை.

1975ஆம் ஆண்டின் சிகரெட்டுச் சட்டம் பெட்டியின் மேல் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. அது புகைப்பவரை நோக்கிப் பேசிய சட்டம்; அருகிருப்பவர் அதில் இல்லை. மேலும் அது சிகரெட்டுக்கு மட்டுமே உரியது. பெரும்பாலான இந்தியர் புகைத்த பீடி அதன் வரம்பிற்குள் வரவில்லை. திருநெல்வேலி, வேலூர்ப் பகுதிகளில் வீட்டு வாசலில் அமர்ந்து பீடி சுற்றிய பெண்களின் வாழ்வாதாரமும், பீடித் தொழிலை அண்டிய அரசியல் கணக்குகளும் இவ்விலக்கிற்குப் பின்னால் இருந்தன என்று கருத இடமுண்டு. காரணம் எதுவாயினும் விளைவு தெளிவு: ஏழைக்கு எச்சரிக்கை இல்லை.

திருப்பம் ஜப்பானிலிருந்து வந்தது. புகைபிடிக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஹிராயாமா, கணவர் மிகுதியாகப் புகைத்த வீடுகளில் மனைவியர் நுரையீரல் புற்றுநோயால் இறப்பது அதிகம் என்று 1981இல் வெளியிட்டார். சிகரெட் நிறுவனங்கள் கடுமையாக மறுத்தன. ஆனால் 1986இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் அறிக்கையும் அதே முடிவை உறுதிசெய்தது. அதுவரை நாகரிகத்தின் பாற்பட்டதாக இருந்த வினா, அதன்பின் உயிரின் பாற்பட்டதாயிற்று.

1989: ஒரு பின்வாங்கல்

அறிவியல் இவ்வாறு முன்னேறிக்கொண்டிருந்த வேளையில் வந்த 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் வியப்பளிக்கிறது. அதன் 167ஆம் பிரிவு, அதே அறையில் உள்ள வேறொரு பயணி ஆட்சேபித்தால் புகைபிடிக்கக்கூடாது என்கிறது. அபராதம் நூறு ரூபாய் வரை. ஒரு ரயிலிலோ அதன் பகுதியிலோ முற்றாகத் தடைசெய்யும் அதிகாரமும் ரயில்வே நிர்வாகத்திற்கு உண்டு. இப்பிரிவை முந்தைய விதியின் புதுப்பிப்பாகவே எவரும் எளிதில் கடந்துவிடுவர். உண்மையில் பொறுப்பு இடம் மாறிவிட்டது. 1890இல் மௌனம் மறுப்பு. 1989இல் மௌனம் அனுமதி. முன்பு புகைப்பவர் கேட்கவேண்டியிருந்தது. இப்போது புகைக்காதவர் எழுந்து சொல்லவேண்டியதாயிற்று.

யாரால் சொல்ல முடியும்? 72 படுக்கைகள் கொண்ட பெட்டியில் இரவு பத்து மணிக்கு, நான்கு இளைஞர்கள் கதவருகே நின்று புகைக்கும்போது, குழந்தையுடன் தனியே பயணம் செய்யும் பெண்ணுக்குச் சட்டம் அளித்த கருவி அவருடைய குரல் மட்டுமே. மேலே கூறிய வழக்காற்றுப் படிநிலை இங்கே முழு வலிமையுடன் திரும்புகிறது. ஆட்சேபிக்கும் உரிமை எழுத்தில் அனைவருக்கும் பொது; பயன்பாட்டில் அது துணிவும் தகுதியும் உடையோருக்கே உரியது. சம்மதம், ஆட்சேபம் என்ற இரு சொற்களையும் ஒன்றுபோலவே கையாளும் ஆய்வாளர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும்.

சம்மதம் மறைந்த ஆண்டுகள்

1990களில் மாநிலங்கள் சட்டம் இயற்றத் தொடங்கின. அச்சட்டங்களின் பெயர்களே இரு வேறு மனநிலைகளைக் காட்டுகின்றன. 1996ஆம் ஆண்டின் தில்லிச் சட்டம் ‘புகைபிடிக்காதோர் நலப் பாதுகாப்பு’ என்ற தொடரைத் தலைப்பிலேயே கொண்டது. 2002ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமோ புகைபிடித்தலையும் எச்சில் துப்புதலையும் ஒன்றாகச் சேர்த்துத் தடைசெய்தது. பழைய தூய்மை நோக்கு அதில் எஞ்சியிருக்கிறது.

நீதிமன்றங்கள் வேறு திசையில் சென்றன. ராமகிருஷ்ணன் எதிர் கேரள அரசு வழக்கில் 1999 ஜூலை 12 அன்று கேரள உயர் நீதிமன்றம், பொதுவிடத்தில் புகைபிடிப்பது பொதுத்தொல்லை என்றும், அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையை மீறுவது என்றும் தீர்ப்பளித்தது. 278ஆம் பிரிவு விழித்தெழுந்தது அப்போதுதான். 2001 நவம்பர் 2 அன்று முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் தடையை விரித்தது. மருத்துவமனைகள், கல்வி நிலையங்கள், நூலகங்கள், நீதிமன்றங்கள், அரசு அலுவலகங்கள், அரங்குகள், ரயில் உள்ளிட்ட பொது வாகனங்கள் ஆகியன அவ்வாணையில் இடம்பெற்றன. உணவகங்களும் மதுக்கூடங்களும் இடம்பெறவில்லை. நீதிமன்றத்தின் பட்டியலில் இருந்தவை, மக்கள் தேவையின் பொருட்டுச் சென்றே ஆகவேண்டிய இடங்கள். விரும்பிச் செல்லும் இடம் அப்போது வெளியே நின்றது.

2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் உணவகங்களையும் உள்ளே கொண்டுவந்தது. அன்புமணி இராமதாஸ் மத்திய நலவாழ்வுத் துறை அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் ‘உணவகம்’ என்பதற்குள் பப், பார், காப்பிக் கடை, விமான நிலைய ஓய்வறை அனைத்தையும் அடக்கின. பணியிடங்களையும் பொதுவிடம் ஆக்கின. சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி முதலியன வைப்பதும் தடைசெய்யப்பட்டது. இச்சட்டத்தில் சம்மதத்திற்கும் ஆட்சேபத்திற்கும் இடமில்லை. அறையில் உள்ள அனைவரும் மனமுவந்து இசைந்தாலும் குற்றம் குற்றமே. அபராதம் இருநூறு ரூபாய் வரை. 1890இன் இருபது ரூபாயோடும் 1860இன் ஐந்நூறு ரூபாயோடும் பண மதிப்பை ஒப்பிட்டால், தடை விரிவடைய விரிவடையத் தண்டனை இலேசாகியிருப்பதைக் காணலாம்.

தனிமனித விருப்பம் இச்சட்டத்தில் முற்றாக அழிந்துவிட்டதா? இல்லை, அதற்கு ஓர் அளவு வைக்கப்பட்டது. 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள விடுதியும், 30 இருக்கைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகமும், விமான நிலையமும் புகைபிடிக்கத் தனிப் பகுதி அமைக்கலாம். மூன்று பெஞ்சு போட்ட தேநீர்க் கடைக்கு அவ்வாய்ப்பு இல்லை. பெட்டிக்கடைத் தூணில் கனன்றுகொண்டு தொங்கும் கயிற்றை விதியின் கண்கொண்டு பார்த்தால் புகைபிடிக்க உதவும் சாதனமே. தனிப் பகுதி அமைக்கப் பணமும் பரப்பும் வேண்டும் என்பது பொறியியல் நோக்கில் சரியே. ஆயினும் விருப்பம் என்பது இடவசதி உடையோரின் உரிமையாகிவிட்டது என்ற குறையை இது நீக்காது.

மதுக்கூடத்தின் நிலை இன்னும் சிக்கலானது. சில்லறை மது விற்பனையைத் தமிழ்நாட்டில் டாஸ்மாக் நிறுவனம் தன்வசம் எடுத்துக்கொண்டதும் 2003ஆம் ஆண்டிலேயே. ஒரே ஆண்டில் ஒரு கை புகையைத் தடுக்க, மறு கை மதுவை விற்றது. கடையை ஒட்டிய பார்களில் புகை மண்டலம் இன்றும் காணக்கூடிய காட்சி. ‘அங்கே வருபவர் அனைவரும் விரும்பி வருபவர்தாமே’ என்பது வழக்கமான வாதம். மேசை துடைப்பவரை இவ்வாதம் மறந்துவிடுகிறது. 2004 மார்ச் 29 அன்று அயர்லாந்து மதுக்கூடங்களில் தடை விதித்தபோது முன்வைக்கப்பட்ட முதன்மைக் காரணம் வாடிக்கையாளர் நலம் அன்று, பணியாளர் நலம். ரயில் பயணியைப் போலவே அவரும் எழுந்து போக முடியாதவர். பயணிக்கோ இறங்கும் நிலையம் உண்டு. இந்தியாவில் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், புகைபிடிக்கும் பகுதியில் எச்சேவையும் வழங்கலாகாது என்றது. ஹூக்கா கூடங்களைக் குறிவைத்து வந்த அத்திருத்தமே, பணியாளரைப் புகையறையிலிருந்து வெளியே கொண்டுவந்தது.

வாசலுக்கு உள்ளே

இச்சட்டங்கள் அனைத்தும் வீட்டு வாசலில் நின்றுவிடுகின்றன. அது தவிர்க்க இயலாதது என்பதே என் கருத்தும்; அடுக்களை வரை காவலர் வருவதை எவரும் விரும்பார். ஆனால் பொதுவிடத் தடைக்கு அடித்தளமாக அமைந்த ஹிராயாமாவின் ஆய்வு ரயில் பயணிகளைப் பற்றியதோ மதுக்கூடப் பணியாளர்களைப் பற்றியதோ அன்று. அது மனைவியரைப் பற்றியது. வீட்டில் திரட்டிய சான்று வீட்டுக்கு வெளியே சட்டமாயிற்று. உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பிறர் விடும் புகைக்கு ஆளாகும் இந்தியர் 2009–10இல் 52.3 விழுக்காட்டினர், 2016–17இல் 38.7 விழுக்காட்டினர். சட்டம் நுழையாத இடத்திலும் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. வெளியே விதிக்கப்பட்ட தடை உள்ளேயும் நடத்தையை மாற்றியதா, அல்லது வீட்டிலுள்ள பெண்கள் 1890ஆம் ஆண்டுச் சட்டம் பயணிக்குத் தந்த மறுக்கும் உரிமையைத் தாமே எடுத்துக்கொண்டார்களா என்பதைச் சட்ட வாசகங்களைக் கொண்டு அறிய இயலாது. அதற்குப் பீடி சுற்றும் வீடுகளுக்குள்ளும் சென்று வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டவேண்டும்.